மண்டிக் கணக்குக்கு ஒரு க்ளோன் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் உள்ள 500 ஜிபி ஹார்டு டிஸ்க்குக்கு ஆறு வயதாகிறது. டேலி கணக்கு, விவசாயிகளுக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் அதில்தான். "ஒரு எஸ்எஸ்டி வாங்கி க்ளோன் போட்டுட்டா கவலையே இல்லை" என்கிறார் சர்வீஸ் தம்பி. வாங்கலாமா?

பதில்: எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் புதுவகை டிஸ்க்) வாங்குங்கள். ஆனால் "கவலையே இல்லை" என்பதை மட்டும் நம்பாதீர்கள். விண்டோஸ், டேலி, கோப்புகள் என்று டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் அப்படியே நகலெடுப்பதுதான் க்ளோன். டிஸ்க் படுத்துவிட்டால் நகலை மாட்டி அன்றைக்கே வியாபாரத்தைத் தொடரலாம். ஆனால் அது எடுத்த நாளோடு நின்றுவிடும். ஏப்ரலில் க்ளோன் எடுத்து, ஜூன் கடைசியில் டிஸ்க் போனால்? பெங்களூரா ரக மாங்காய் எத்தனை டன் இறங்கியது, யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள் என்பது எதுவும் அதில் இருக்காது.

அதனால் நகலைப் பீரோவில் வைக்காதீர்கள். எஸ்எஸ்டியில் வேலை பாருங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வையுங்கள். தினமும் கடை மூடும் முன் டேலியிலேயே உள்ள பேக்கப்பைப் பென்டிரைவில் எடுங்கள். இரண்டு பென்டிரைவை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது. வைரஸ் வந்தாலும் தப்பிக்கலாம்.

வாங்கும்போது அளவைப் பாருங்கள். கடைகளில் 480 ஜிபி எஸ்எஸ்டி நிறையக் கிடைக்கும். ஆனால் க்ளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருள், புது டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் சாதாரணமாக க்ளோன் செய்யாது. 500 ஜிபி அல்லது அதற்கு மேல் கேளுங்கள். சீரியல் எண் எழுதிய பில் வாங்குங்கள். வாரண்டியில் டிஸ்க்கைத்தான் மாற்றித் தருவார்கள், உள்ளே இருந்த கணக்கு திரும்பி வராது. வாரண்டியை மதிக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தருமபுரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பருக்கு க்ளோன் போட்டவர், எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டார். வெற்று டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின் மேல் ஏறி, கல்யாண ஆல்பங்கள் அழிந்தன. அதனால் முதலில் கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவிட்டு, இரண்டு டிஸ்க்கிலும் 'பழசு', 'புதுசு' என்று சீட்டு ஒட்டுங்கள். திரையில் தெரியும் மாடல் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டபின் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் பழசைக் கழற்றி, புதுசிலேயே கம்ப்யூட்டர் ஓடுகிறதா, நேற்றைய கடைசி பில் டேலியில் தெரிகிறதா என்று தம்பி எதிரிலேயே திறந்து பாருங்கள். அப்புறம் காசு கொடுங்கள்.