டிகிரி கையில், அடுத்து என்ன? – வாசகர் கேள்வி பதில்

கே: பி.காம். முடித்து இரண்டு வருடமாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2 என்று படித்துக்கொண்டிருக்கிறேன். வயது 24. "போதும், ஏதாவது வேலைக்குப் போ" என்கிறார்கள் வீட்டில். விட்டுவிடவா, தொடரவா?
– வாசகி, விருத்தாசலம்

ப: இதை வீட்டாரும் முடிவு செய்ய வேண்டாம், கோச்சிங் சென்டரும் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் மதிப்பெண் முடிவு செய்யட்டும். தேர்வாணைய இணையதளத்தில் பழைய குரூப் 4 வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் கிடைக்கும். இதுவரை பார்க்காத ஒரு தாளை எடுத்து, அலாரம் வைத்து, ஓ.எம்.ஆர். மாதிரித் தாளில் வட்டம் நிரப்பியே எழுதுங்கள். 200 கேள்விக்கு 180 நிமிடம். கேள்விக்கு 54 விநாடி, வட்டம் கறுப்பதும் அதற்குள்தான். புத்தகம் பக்கத்தில் வைத்து வீட்டில் போடும் 'டெஸ்ட்' எதுவும் கணக்கில் வராது.

திருத்தும்போது தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் தப்பாகக் கறுத்தது, நேரம் போதாமல் விட்டது. இரண்டு வருடம் படித்தவர்களுக்குப் பொதுவாக அடிவாங்கும் இடம் பொது அறிவு அல்ல, கணக்கு. திறனறிவில் 25 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண். மீ.சி.ம., மீ.பொ.வ., சதவீதம், வட்டி, பரப்பளவு, காலமும் வேலையும் என்று பாடம் சின்னதுதான். ஆனால் பலர் அதைத் தொடாமல் நடப்பு நிகழ்வுகளையே திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 வாங்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. அதனால் 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தைத் தேடிப் போகாதீர்கள், நான்கில் ஒன்றை ஊகித்துக் கறுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் பிரிவில் போன முறை கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். 15 மதிப்பெண் குறைவு என்றால் பத்தே கேள்வி. இன்னொரு முறை எழுதிப் பார்க்கலாம். 45 குறைவு என்றால் முப்பது கேள்வி. இரண்டு வருடத்தில் எட்டாத முப்பது கேள்வி மூன்றாவது வருடமும் அதே முறையில் எட்டாது என்பது என் கணிப்பு. வேலைக்குச் சேர்ந்துகொண்டு காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: வங்கி கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருடம் சலுகை. பி.காம். படித்தவர் அதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதோர்' (வசதி படைத்த பிரிவில் வராதவர்) என்ற ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை வழியாகத் தனியாக வாங்க வேண்டும். வாங்கிய தேதியும் அறிவிப்பில் சொன்ன காலத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்துவிட்டு இந்தத் தாளில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு.

கே: கல்லூரியில் தமிழ் வழியில் படித்தேன். 6 முதல் 8 வரை மட்டும் தனியார் ஆங்கிலப் பள்ளி. தமிழ் வழி இட ஒதுக்கீடு 20 சதவீதம் கிடைக்குமா?
– வாசகர், மணப்பாறை

ப: கிடைக்காது. இந்த ஒதுக்கீட்டைத் தந்த 2010 சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தப்படி, பட்டம் கேட்கும் பதவிகளுக்கு முதல் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். தேர்வைத் தமிழில் எழுதினால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். விண்ணப்பத்தில் 'ஆம்' என்று போட்டுவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

கே: ஆஃபர் லெட்டரில் வருடம் 3 லட்சம் என்று இருக்கிறது. மாதம் 25,000 என்று நினைத்திருந்தேன். சீனியர்கள் 18,000தான் வரும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஓசூர்

ப: ஏமாற்று இல்லை, சி.டி.சி. உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தத்துக்குத்தான் அந்தப் பெயர். பிரித்துப் பார்ப்போம்.

அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், மாதம் 1,500, வருடம் 18,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், வருடம் சுமார் 7,200. 'வேரியபிள்' என்று 30,000 போட்டிருந்தால் அது வருடக் கடைசியில் வந்தாலும் வரும், வராமலும் போகும். மூன்றையும் கழித்தால் சுமார் 2,44,800. மொத்தச் சம்பளம் 21,000க்குள் வருவதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. நிறுவனத்தின் 3.25 சதவீதமும் இதற்குள்தான். ஆக மாத மொத்தச் சம்பளம் சுமார் 19,750. அதில் உங்கள் பி.எஃப். 1,500, உங்கள் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 148. கைக்கு வருவது 18,100. தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாகப் பிடிப்பார்கள்.

சீனியர்கள் சொன்னது சரி. எச்.ஆரிடம் கேட்க வேண்டியது இரண்டு: வேரியபிள் போன வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? சாப்பாடு, பஸ்ஸுக்குப் பிடித்தம் உண்டா? வாய்ப்பேச்சாக விடாமல் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். ஓசூரில் அறை வாடகை கொடுத்துத் தங்குபவருக்கு அந்தப் பிடித்தம்தான் மாதக் கடைசியைத் தீர்மானிக்கும்.

கே: மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. இரண்டு வருட பாண்ட், விலகினால் ஒரு லட்சம், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுக்கச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– ஒரு தாயார், திருப்பத்தூர்

ப: இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள் அம்மா. பாண்ட் எல்லாமே செல்லாது என்று பலர் சொல்வது தவறு. மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக, எழுதிய தொகையை அப்படியே வசூலித்துவிட முடியும் என்றும் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீடு என்கிறது, எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. என்ன பயிற்சி, எத்தனை நாள், அதற்கு நிறுவனம் என்ன செலவழிக்கிறது என்று கேளுங்கள். பயிற்சியே இல்லாத வேலைக்கு ஒரு லட்சம் பாண்ட் என்றால் நான் யோசிப்பேன்.

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், சான்றொப்பமிட்ட நகல் கொடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண், என்ன தேதியில் கொடுத்தது என்று நிறுவன முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். திருப்பித் தர மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் எழுதிக் கேட்டுவிட்டு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி 15100.

கே: 'கிராஜுவேட் அப்ரண்டிஸ்' என்று ஒரு வருடம். போனால் வேலை நிரந்தரமாகுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

ப: ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் தவிர, வேலை கொடுக்கும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. பி.எஃப். கிடையாது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 என்று வைத்தது, அதற்குக் கீழே எழுதியிருந்தால் கேளுங்கள். முக்கியமாக, ஒப்பந்தம் நாட்ஸ் (மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். பதிவில்லாமல் 'அப்ரண்டிஸ்' என்று பெயர் மட்டும் வைத்தால் முடிவில் தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் வராது. ஒரு வருடத்துக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்பதால், இதற்குப் போவதானால் படிப்பு முடிந்த கையோடு போவதே நல்லது.

கே: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் 80,000. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட்.
– வாசகர், புதுக்கோட்டை

ப: போகாதீர்கள். இப்படி அழைத்துப் போய் எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதைகள் பல. பட்டதாரிகள் வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால் விமான நிலையத்தில் பொதுவாக யாரும் வேலை ஒப்பந்தத்தைக் கேட்க மாட்டார்கள், அதைத்தான் இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஏஜெண்ட்டின் உரிம எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், அனுப்பிய ரசீதோடு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.