என் வாசிப்புக்கே காப்பிரைட் விழுந்திருக்கிறது, யாரிடம் போவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறேன். கோயில், கல்யாணம், வருஷத்துக்கு ஒன்றிரண்டு சபா. 2018-இல் ஒரு ஆடியோ கம்பெனிக்கு எட்டு உருப்படி வாசித்துக் கொடுத்தேன். ஐயாயிரம் தந்து, இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் வாசித்த தியாகராஜர் கிருதியை மகன் போனில் எடுத்து எங்கள் யூடியூப் சேனலில் போட்டான். அதற்கு அந்தக் கம்பெனி பெயரில் காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கிறது. அதை எடுத்துவிட 15,000 ரூபாயும், சேனலைக் கவனித்துக்கொள்ள வருமானத்தில் பாதியும் தெரிந்தவர் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா? மாயவரத்தில் ஒரு கல்யாணத்தில் சினிமாப் பாட்டு வாசித்தபோது, லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருவர் மண்டபத்துக்கே வந்து மிரட்டினார். அது சரியா? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. சேனலில் இப்போது 700 பேர். இதில் ஏதாவது வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். பதினைந்தாயிரமும் வேண்டாம், பாதியும் வேண்டாம். அவர் செய்யப்போவதை உங்கள் மகன் காசில்லாமல் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் பயத்தை விடுங்கள். க்ளெய்ம் என்பது வழக்கும் இல்லை, வக்கீல் நோட்டீஸும் இல்லை. அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து யாரும் உங்கள் வீடியோவைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். கம்பெனிகள் தங்கள் ஒலிப்பதிவுகளை யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டில் கொடுத்துவைத்திருக்கும். புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவையும் இயந்திரம் அவற்றோடு ஒப்பிடும். ஒத்துப்போகிற மாதிரி தெரிந்தால் தானாகவே க்ளெய்ம் போடும். ஒரே ஆள், ஒரே ராகம், ஒரே கிருதி, ஒரே சுருதி என்றால் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. இயற்றியவர் உரிமை, வாசித்தவர் உரிமை, ஒலிப்பதிவு செய்தவர் உரிமை. இயற்றியவர் உரிமை அவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருஷத்துக்கும் உண்டு. தியாகராஜர் மறைந்தது 1847-இல். அவருடைய கிருதி இன்று யாருக்கும் சொந்தமில்லை. காவிரித் தண்ணீர் பொது, அதைப் பாய்ச்சி உங்கள் வயலில் விளைந்த நெல் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் கம்பெனி செலவு செய்து எடுத்த பதிவு கம்பெனியுடையது. திண்ணையில் உங்கள் மகன் எடுத்தது உங்கள் குடும்பத்துடையது. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கேட்க அவர்களுக்கு வழியில்லை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது? அதை எடுத்துப் பாருங்கள். எட்டு உருப்படியின் பெயர்கள் மட்டும் இருந்தால் கவலையில்லை. காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்த உரிமை ஐந்து வருஷத்துக்குத்தான் என்று காப்பிரைட் சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நீங்கள் கொடுத்தது 2018 என்பதால், காலம் எழுதாமல் விட்டிருந்தால் 2023-லேயே அது முடிந்துபோயிற்று. பதிவு கம்பெனியுடையது என்றாலும் வாசித்தவர் உரிமை உங்களுடையது, அதனால் அந்த எட்டு உருப்படியைத் தொடர்ந்து விற்பதற்கே உங்களிடம் மறுபடி வந்திருக்க வேண்டும் என்று வாதாடலாம். ஆனால் ‘இனி வாசிக்கும் அனைத்தும்’ என்று ஒரு வரி இருந்தால் நிலைமை வேறு. அப்படி இருந்தால் கீழே சொல்லும் எதையும் செய்வதற்கு முன் பத்திரத்தோடு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இந்த மாதிரிப் பத்திரங்களைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று மூன்று மாவட்டத்திலும் பார்க்கிறேன். எல்லாம் ஒரே அச்சு. ‘அண்ணே, நீங்க வாசிச்சாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்’ என்பார்கள். ஆங்கிலத்தில் நாலு பக்கம், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலில் ஒரு புள்ளி. சாமி புறப்பாட்டில் மல்லாரியை மணிக்கணக்கில் விஸ்தாரமாக வாசிக்கிறவர், நாலு பக்கம் படிக்க நேரமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார். வாசித்தவருக்கு, அந்தப் பதிவை வைத்து வியாபாரம் நடக்கும்போது பங்கு உண்டு என்று 2012-இல் சட்டத்தில் திருத்தமே வந்தது. சட்டம் வந்தது, பங்கு வந்த ஆளை நான் டெல்டாவில் இன்னும் பார்க்கவில்லை. கேட்டுப் பெறத் தனித் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. அதையும் 2021-இல் மூடிவிட்டார்கள். இனி சில ஆயிரம் ரூபாய்க்காக வணிக நீதிமன்றப் படி ஏறு என்கிறார்கள். வக்கீல் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் சீவாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடுவீர்கள்.

சரி, க்ளெய்மை எடுப்பது எப்படி? மகனை யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் விவரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த நிமிஷத்திலிருந்து எந்த நிமிஷம் வரை ஒத்துப்போகிறது என்று காட்டும். வாசிப்பு முழுக்கவா, அல்லது சுருதி மட்டும் கேட்கும் இடமா என்று பாருங்கள். ஒத்துக்காரரை விட்டுவிட்டு ஆப்பில் சுருதி வைத்துக்கொள்வது இப்போது சகஜம். அதே ஆப் சத்தத்தோடு வேறு யாரோ ஆல்பம் போட்டு, அதைத் தன்னுடையது என்று கன்டென்ட் ஐடியில் கொடுத்திருந்தாலும் உங்களுக்கு க்ளெய்ம் வரும். எல்லோரும் பயன்படுத்தும் ஒலியை அப்படிக் கொடுக்கக் கூடாது என்பது யூடியூபின் விதி. யார் மதிக்கிறார்கள்?

பிறகு ‘டிஸ்ப்யூட்’ பட்டனை அழுத்தி நாலே வரி எழுதுங்கள். இன்ன தேதியில், இன்ன ஊரில், நான் வாசித்தது. என் மகன் பதிவு செய்தது. கிருதியை இயற்றியவர் 1847-இல் காலமானவர், ஆகவே அது பொதுவுடைமை. 2018 பதிவிலிருந்து ஒரு விநாடிகூட இதில் இல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் நல்லது. கோபமாக எதுவும் வேண்டாம், உங்கள் குருவின் பெருமையும் வேண்டாம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். அதற்குள் வாய் திறக்காவிட்டால் க்ளெய்ம் தானாக விழுந்துவிடும். பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. மறுத்துவிட்டால் ‘அப்பீல்’ போடலாம். அதற்கு அவர்களுக்கு 7 நாள். குற்றம் சாட்டியவரே தீர்ப்பும் எழுதுகிற விசித்திரமான பஞ்சாயத்து இது. அப்பீலையும் மறுக்க வேண்டுமானால் வீடியோவை நீக்கச் சொல்லி அவர்கள் முறைப்படி கேட்க வேண்டும். அப்போதுதான் உங்கள் சேனலுக்கு ‘ஸ்ட்ரைக்’ என்ற எச்சரிக்கை. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். பத்திரத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள் என்று நான் சொன்னது அதனால்தான்.

இப்போது அந்தத் ‘தெரிந்தவர்’. இவரைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் பொறுத்தேன். பாதி வருமானம் கேட்பதைவிடப் பெரிய ஆபத்து, அவர் அடுத்து ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்பார். கொடுத்தால் சேனல் அவருடையது. பணம் ஆட்சென்ஸ் என்ற கணக்கு வழியாகத்தான் வரும். அதில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுள் ஒரு ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்பும். மின்னஞ்சலில் இல்லை, காகிதக் கடிதம். கணக்கைத் திறந்தவர் அவர் என்றால் அந்தக் கடிதத்தை உங்கள் தபால்காரர் கொண்டுவர மாட்டார், அவர் வீட்டுக்குப் போகும். 100 டாலர் சேர்ந்ததும் பணமும் அங்கேதான் போகும். வெளியாள் உதவி கட்டாயம் வேண்டுமென்றால், ஸ்டுடியோவில் ‘பெர்மிஷன்’ பகுதியில் அவருடைய மின்னஞ்சலை எடிட்டராகச் சேர்க்கலாம். வீடியோ ஏற்றுவார், பணத்தைத் தொட முடியாது. பல சேனல்களைச் சேர்த்து நிர்வகிக்கும் நெட்வொர்க்கில் சேர்த்துவிடுகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்.

அதே வரிசையில் இன்னொரு கூட்டம் வரும். ‘காப்பிரைட் சர்ட்டிஃபிகேட் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது, பத்தாயிரம் ஆகும்’ என்பார்கள். பொய். வாசித்துப் பதிவு செய்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது, அதை அரசிடம் ரெஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை. விரும்பி ரெஜிஸ்டர் செய்தாலும் ஒலிப்பதிவுக்கு அரசுக் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஐபிஆர்எஸ் மெம்பர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரும் உண்டு. அது பாட்டு எழுதுபவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்குமான சங்கம். பழைய கிருதி வாசிக்கிற உங்களுக்கு அதில் எதுவும் இல்லை. பாடகர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் இருப்பது இஸாம்ரா.

அடுத்து மாயவரம் மண்டபம். வந்த ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். சட்டத்தின் 52-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. உண்மையான மதச் சடங்கில் வாசிப்பது காப்பிரைட் மீறல் ஆகாது. மதச் சடங்கு என்பதில் கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்ற கொண்டாட்டங்களும் அடங்கும் என்று அங்கேயே விளக்கம் எழுதியிருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டு வாசிக்கலாம். முகூர்த்தத்தில் வாசிக்கலாம். நலங்கு, ரிசப்ஷன், சம்பந்தி விருந்து எல்லாம் கல்யாணத்தை ஒட்டியவைதான். ரிசப்ஷனில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால்கூட அதே விலக்கு பொருந்தும். 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, கல்யாணங்களுக்கு யாரும் ராயல்டி கேட்கக் கூடாது என்று பொது அறிவிப்பே வெளியிட்டது. அதை போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதும் இதில் வரும். காதுகுத்து, கிரகப்பிரவேசம்? சடங்கோடு சேர்ந்தது என்பதால் வரும் என்பது என் கருத்து. ஆனால் ஹோட்டலில் பிறந்தநாள் பார்ட்டி வராது. கம்பெனி ஆண்டு விழா வராது. டிக்கெட் போட்ட இன்னிசை நிகழ்ச்சி, அது கல்யாண மண்டபத்திலேயே நடந்தாலும் வராது. பார்க்க வேண்டியது இடத்தை அல்ல, நிகழ்ச்சியை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மண்டப மேனேஜர்களோ இன்னமும் ‘எதுக்கு சார் வம்பு’ என்று பணத்தைக் கட்டிவிட்டு, அதை மேளக்காரர் கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த விலக்கு மண்டபத்து வாசலோடு முடிந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். கல்யாணத்தில் வாசித்த சினிமாப் பாட்டை வீடியோவாகச் சேனலில் போட்டால் அதற்கு விலக்கு இல்லை. க்ளெய்ம் வரும், அது நியாயமான க்ளெய்ம், சண்டை போடாதீர்கள். வீடியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகும். பழைய உருப்படி எல்லாமே பொது என்றும் நினைக்க வேண்டாம். கோபாலகிருஷ்ண பாரதி 1896-இல் மறைந்தவர், தாராளமாக வாசியுங்கள். பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். அவருடைய உருப்படிகளுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு.

வருமானம்: விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சப்ஸ்கிரைபர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். உங்களிடம் 700 இருப்பதால் முதலாவது எட்டும் தூரம்தான். 4,000 மணி நேரத்துக்கு ஒரு நிமிஷத் துணுக்குகள் உதவாது. ஷார்ட்ஸ் பார்வைகள் இந்தக் கணக்கில் சேராது. முக்கால் மணி நேர ராக ஆலாபனை, புறப்பாடு முழுவதும் என்று போடுங்கள். வீட்டில் விடியற்காலையில் ஓடவிடுவதற்கு ஆள் இருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் நேரடியாக ஏற்ற முடியாது, டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். அங்கே ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை ஓடினால்தான் காசே. சில டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் வருஷச் சந்தாவை நிறுத்தினால் பாட்டையும் எடுத்துவிடுவார்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், இவற்றிலிருந்து வரும் தொகை ஒரு முகூர்த்தச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனால் ஒவ்வொரு வீடியோவின் கீழும் உங்கள் ஊரும் போன் நம்பரும் இருந்தால், தை, வைகாசி, ஆவணிக்கு ஆள் தேடுபவர் உங்களை நேரே அழைப்பார். நடுவில் ஏஜென்ட் பிடிக்கும் கமிஷன் மிச்சம். ஆடியிலும் மார்கழியிலும் வாசித்துப் பதிவு செய்துவைக்க நேரம் இருக்கிறது. தவில்காரரிடமும் தாளக்காரரிடமும், இந்தப் பதிவை வெளியிடச் சம்மதம், பங்கு இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் வாசித்தவர் உரிமை உண்டு. நீங்கள் இன்னொரு ‘கம்பெனி’ ஆகிவிடக் கூடாது.

வரி: ஆட்சென்ஸில் பான் நம்பரும் அமெரிக்க வரிப் படிவமும் நிரப்புங்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் பிடிப்பார்கள், நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்கள் வழியாக வந்த பங்கில் 15 சதவீதம் மட்டும். கச்சேரிக்கு ஜிஎஸ்டி என்று யாராவது பயமுறுத்தினால், நாட்டுப்புற, சாஸ்திரீய இசைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரை விலக்கு இருக்கிறது.

இந்த வாரமே டிஸ்ப்யூட்டைப் போடுங்கள். விளம்பர வருமானம் வர ஆரம்பித்த பிறகு இப்படி க்ளெய்ம் வந்தால் 5 நாளுக்குள் போட வேண்டும். அப்போதுதான் முதல் நாளிலிருந்து வரும் பணம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். 2018 பத்திரத்தின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் பிரதியே தரவில்லை என்றால் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு, பிரதி கேட்டு எழுதுங்கள். அந்தச் சான்றை எறிந்துவிடாதீர்கள்.