பிங்க் டப்பா வாங்கலாமா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நாலு. மகள் எதை எடுத்தாலும் பிங்க்தான் கேட்கிறாள். இந்தப் பிறந்தநாளுக்கு லெகோ ஃப்ரெண்ட்ஸ் என்ற, கட்டைகளைப் பொருத்திக் கட்டி விளையாடும் டப்பா வேண்டுமாம். "அது பொம்பளப் புள்ளைங்க லெகோ, அதுல கட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. சாதா லெகோவே வாங்கு" என்கிறார் அவள் அப்பா. பொம்மை, பாவாடை என்றே அவளை வளர்த்துவிடக் கூடாது என்று எனக்கும் தோன்றுகிறது. இதற்கிடையே தம்பிக்காரன் அக்காவின் சொப்புச் சாமானைத் தொட்டால் என் மாமியார் பிடுங்கி வைத்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் என்னதான் வாங்கித் தருவது?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கைக்கு,

மகள் கேட்ட டப்பாவையே வாங்குங்கள்.

லெகோ ஃப்ரெண்ட்ஸ் 2012இல் கடைக்கு வந்தபோது உங்கள் கணவர் சொல்வதைத்தான் அமெரிக்காவில் பலரும் சொன்னார்கள். எதிர்ப்பு மனுவில் 50,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. 1981இல் அதே நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தில் ஜீன்ஸ் போட்ட ஒரு சிறுமி, தான் கட்டியதைக் கையில் ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்பாள். முப்பது வருஷம் கழித்துப் பெண்பிள்ளைகளுக்கென்று தனி அலமாரி வந்தால் கோபம் வராதா?

ஆனால் பொருளைப் பிரித்துப் பாருங்கள். கட்டைகள் எல்லாம் அதே கட்டைகள்தான். எந்த லெகோவோடும் பொருந்தும். பொம்மைதான் வேறு. சாதா லெகோ ஆளுக்கு இரண்டு காலும் தனித்தனியாக மடங்கும், மணிக்கட்டு திரும்பும். ஃப்ரெண்ட்ஸ் பொம்மைக்குக் கால் இரண்டும் சேர்ந்தே மடங்கும், மணிக்கட்டு திரும்பாது. அது உண்மையான குறை. சாதா லெகோ ஆளோடு தலையை மாற்றிப் போட முடியாது, தலைமுடியை மாற்றலாம். முதல் வருஷமே அழகு நிலையமும் வந்தது, ரோபோவோடு ஒரு கண்டுபிடிப்பாளர் பட்டறையும் வந்தது. அதனால் நிறத்தை விட்டுவிட்டு டப்பாவில் போட்டிருக்கும் துண்டுகளின் எண்ணிக்கையையும் படத்தையும் பாருங்கள். சுவர் பல கட்டைகளால் ஆனதா, ஒரே பெரிய தகடா? ஒரே விலையில் இரண்டு டப்பா இருந்தால் சின்னத் துண்டுகள் அதிகம் உள்ளதை எடுங்கள். தகடு அதிகமாக இருந்தால் ஒருமுறை கட்டியதும் வேலை முடிந்துவிடும். பிரித்து வேறொன்று கட்ட வராது.

எனக்கு வருத்தம் தருவது 'பாவாடை' என்று நீங்கள் சொன்ன விதம். பெண்பிள்ளைகள் ஆசைப்படுவது எதுவோ அது மூளைக்குக் கீழான சங்கதி என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். குழந்தை அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்கிறாள். பொம்மைக்கு ஒரு குடைப் பாவாடை தைக்க என்னென்ன தெரிய வேண்டும் என்று பாருங்கள். பொம்மையின் இடுப்புச் சுற்று 12 செ.மீ. என்றால் அதை 6.28ஆல் வகுக்க வேண்டும்: கிட்டத்தட்ட 1.9 செ.மீ. ஆரம் வரும் (வட்டத்தின் சுற்று அதன் ஆரத்தைப்போல 6.28 மடங்கு). துணியை நான்காக மடித்து, மடிப்பு முனையிலிருந்து அந்த அளவில் ஒரு வளைவு. பாவாடை நீளம் 8 செ.மீ. என்றால் அதே முனையிலிருந்து 9.9 செ.மீ.யில் இன்னொரு வளைவு. 20 செ.மீ. சதுரத் துணி போதும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது உள் வளைவில். 1.9க்குப் பதில் 2.9 வெட்டிவிட்டால் இடுப்பு 18 செ.மீ.க்கு மேல் போய், பாவாடை கழன்று விழும். ஆரம் ஒன்று கூடினால் சுற்று ஆறுக்கு மேல் கூடுகிறது, அதனால்தான். முதலில் 1.5 செ.மீ. வெட்டி, போட்டுப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அடுத்த சிக்கல், பொம்மையின் பின்புறம் இடுப்பைவிட அகலம். பாவாடை மேலே ஏறாது. இடுப்பிலிருந்து கீழே 4 செ.மீ. ஒரு வெட்டு விட்டு, பிரஸ் பட்டன் வைத்தால் சரியாகிவிடும். பாப்ளின் துணி ஓரம் பிரிந்து நூல் நூலாக வரும். பழைய பனியன் துணி பிரியாது; ஆறு வயதுக் கைக்கு அதுவே நல்லது. வட்டத்தின் சுற்றளவைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர இன்னும் பல வருஷம் இருக்கிறது. இவள் அதைக் கத்தரிக்கோலால் தெரிந்துகொள்வாள்.

குழந்தைகளுக்கான மேக்கப் டப்பாவை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். பிங்க் என்பதற்காக அல்ல. பூசி முடித்ததும் பிறர் பார்ப்பதற்காக நிற்பதைத் தவிர அதில் செய்ய ஒன்றுமில்லை.

இனி தம்பி. உங்கள் வீட்டில் அதிகம் இழப்பவன் அவன்தான் என்பது என் எண்ணம். 2021இல் லெகோ நிறுவனத்துக்காக ஏழு நாடுகளில் எடுத்த ஆய்வில், எதிர்ப்பாலினத்துக்குரியதென்று கருதப்படும் பொம்மையை வைத்து விளையாடினால் கேலி செய்வார்கள் என்று பயந்த பெண்பிள்ளைகள் 42 சதவீதம். ஆண்பிள்ளைகள் 71 சதவீதம். பெண் ரயில் வண்டி ஓட்டினால் கைதட்டுகிறோம், பையன் சோறு பொங்கினால் பிடுங்குகிறோம். இத்தனைக்கும் பையன்களுக்குப் பொம்மை பிடிக்காமல் இல்லை. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் உடை மாற்றக்கூடிய, கிட்டத்தட்ட 12 அங்குலப் பொம்மை ஒன்றுக்கு ராணுவச் சீருடை மாட்டி, அதை 'டால்' என்று யாரும் சொல்லக் கூடாது என்ற கண்டிப்போடு விற்றது. அதன் பெயர் ஜி.ஐ. ஜோ. கிட்டத்தட்ட பார்பியின் உயரம்தான். பையன்கள் ஆசை ஆசையாக உடை மாற்றினார்கள்.

மாமியாரோடு வாதம் வேண்டாம். சொப்பை அக்காவின் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு பேருக்கும் எட்டும் கீழ்த்தட்டில் காரோடும் கட்டைகளோடும் கலந்து வையுங்கள். 'அக்கா சாமான்' என்ற பெட்டி இருக்கும்வரை பிடுங்கத் தோன்றும். பிறகு பாட்டியையே பேரனுக்குச் சமையல் சொல்லித்தரச் சொல்லுங்கள். அடுப்பு வேண்டாத இனிப்பு அவல் போதும்: ஒரு கைப்பிடி கெட்டி அவலைக் கழுவி, அது மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, 10 நிமிஷம் ஊறவிட்டுப் பிழிந்து, ஒரு ஸ்பூன் பொடித்த வெல்லம், ஒரு ஸ்பூன் தேங்காய்த் துருவல். மெல்லிய அவலை ஊற வைத்தால் கூழாகிவிடும். அதற்குத் தண்ணீர் தெளித்தாலே போதும். சாப்பிடப் போவதானால் எவர்சில்வர் சொப்பைக் கொடுங்கள். மரச்சொப்பு ஈரத்தில் ஊறினால் உப்பி, மேல் பூச்சு வெடிக்கும்.

அன்புடன்,
அக்கா