துணி கெடுவது தண்ணீராலா, துவைப்பதாலா? கேள்வி பதில்

கேள்வி: வெள்ளைச் சட்டைகள் சில மாதங்களிலேயே சாம்பல் பூத்துவிடுகின்றன. சோப்பை அதிகமாகப் போட்டுத் தேய்த்தும் மாற்றமில்லை.

பதில்: கட்டிச் சோப்பு என்றால் காரணம் அதுதான். உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். சோப்பு அவற்றோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளியின் உள்பக்கம் வளையமாக ஒட்டியிருக்குமே, அதேதான். அது நூலுக்குள் போய் உட்கார்ந்து அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சோப்பைக் கூட்டினால் பிசுக்கும் கூடும், அவ்வளவுதான்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிய, ஒரு பாட்டிலில் பாதி பிடித்து, கட்டிச் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழும்பாமல் பால்போலக் கலங்கினால் கடின நீர். சோதனை அறிக்கை கையில் இருந்தால், கடினத்தன்மை லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் மிகக் கடின நீர். டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள், அதில் இந்தப் பிசுக்குத் தொல்லை மிகக் குறைவு. ஏற்கெனவே சாம்பலான சட்டைகளை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, அப்புறம் தூள் போட்டு வெந்நீரில் துவையுங்கள். வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

கேள்வி: மஞ்சள் திட்டுகளுக்கு ப்ளீச் ஊற்றினேன். இன்னும் பழுப்பாகிவிட்டது!

பதில்: தண்ணீரில் இரும்பு இருக்கிறது. ப்ளீச் அதைத் துருவாக்கித் துணியிலேயே படிய வைக்கும். ப்ளீச் துளியும் மிஞ்சாதபடி அலசிவிட்டு, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரில் ஊறவையுங்கள்.

கேள்வி: டவல் காய்ந்ததும் அட்டைபோல விறைக்கிறது. சாஃப்ட்னர் போடலாமா?

பதில்: எனக்கு அதில் உடன்பாடில்லை. சாஃப்ட்னர் நூலின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும். தொட்டால் மெத்தென்றிருக்கும், ஆனால் ஈரத்தை முன்போல உறிஞ்சாது. விறைப்புக்கு உப்புப் படிவு ஒரு காரணம். பருத்தி இழைகளுக்கு இடையே மிஞ்சும் துளி ஈரம் அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைப்பது இன்னொன்று. அதனால் நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் விறைக்கும். உதறிக் காயப்போட்டு, எடுத்ததும் கசக்கிவிட்டால் போதும்.

கேள்வி: இரத்தக் கறைக்கு வெந்நீர்?

பதில்: வேண்டவே வேண்டாம், கறை இறுகிவிடும். பச்சைத் தண்ணீர்தான்.

கேள்வி: மெஷினில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் பாதியாகச் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இனி குளிர்ந்த நீர், கம்பளிக்கென்று விற்கும் திரவம், கசக்காத அலசல். பட்டுக்கும் இதே கவனிப்புதான். ப்ளீச் இரண்டையுமே அரித்துவிடும்.

கேள்வி: விளையாட்டு டி-சர்ட்டைத் துவைத்த பிறகும் வியர்வை நாற்றம் போகவில்லையே?

பதில்: பாலியெஸ்டர் தண்ணீரை விலக்கும், உடம்பின் எண்ணெயை மட்டும் விடாது. கழற்றியதும் கூடையில் திணிக்காமல் காற்றாட விடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தூள் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள்.

கேள்வி: ஒருமுறை போட்ட ஜீன்ஸையும் துவைத்தே ஆக வேண்டுமா?

பதில்: அழுக்கோ வாடையோ இல்லையென்றால் வேண்டாம். மெஷின் வடிகட்டியில் சேரும் பஞ்சு முழுக்க உங்கள் துணியிலிருந்து உதிர்ந்ததுதான்.