படித்தவர் எங்கே தடுக்கினார்? (கதை எழுதிப் பழகுகிறவர்களுக்கான கேள்வி பதில்)

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் எங்கள் மொட்டை மாடியில் கூடி, ஒருவர் கதையை மற்றவர் படித்துப் பேசுவோம். பதினோரு வருஷமாக நடக்கிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கல்லூரி மாணவி, திருச்சி: கதையை நாலு தோழிகளுக்கு அனுப்பினேன். நாலு பேரும் "சூப்பர்டி" என்று ஹார்ட் போட்டார்கள். இதை வைத்து என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் மேல் தப்பும் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? கேள்வியை மாற்றுங்கள். "எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்த்தே?", "யார் யாருக்கு என்ன உறவுன்னு எங்கே குழம்பிச்சு?" இதைவிட நல்லது, கதையை மூடச் சொல்லிவிட்டு "இப்போ எனக்கு அந்தக் கதையைச் சொல்லு" என்பது. அப்பா மாட்டை விற்கிற கதை ஒன்று எழுதினேன். என் நினைப்பில் அது மகனின் கதை. மூன்று பேர் திருப்பிச் சொன்னார்கள்; மூவர் வாயிலும் மகன் வரவே இல்லை.

வங்கி ஊழியர், சேலம்: உங்கள் கூட்டத்தில் உண்மையில் என்னதான் நடக்கும்? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

கதையை எழுதியவர் வாசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாசிப்பார். எழுதியவர் வாசித்தால் காகிதத்தில் இல்லாததையெல்லாம் குரலில் சேர்த்துவிடுவார். ஒருவர் கதை இப்படித் தொடங்கியது:

"காலைச் சூரியன் தன் பொற்கதிர்களைப் பரப்பிக்கொண்டிருந்த வேளையில், மனம் முழுக்கச் சோகத்துடன் மரகதம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள்."

வாசித்தவருக்கு பாதியிலேயே மூச்சு வாங்கியது. வர்ணனை அதிகம், அது இது என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. ஓர் அம்மா மட்டும், "சோகம்ங்கிறீங்க, சரி. அவ கையில என்ன வெச்சிருக்கா?" என்று கேட்டார். பேசக் கூடாது என்ற விதியை மறந்து எழுதியவர் சொன்னார்: "டிபன் கேரியர். ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்புறா. அவர் சாப்பிடலை." அந்த டிபன் கேரியர் மூன்றாம் பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்தது! அடுத்த மாதம் கதை இப்படி வந்தது:

"மரகதம் டிபன் கேரியரை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கொண்டுபோன கனம் குறையவே இல்லை."

இந்த வரியை நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேள்வி மட்டும்தான் எங்களுடையது.

ஐ.டி. ஊழியர், சென்னை: ஒருவர் முடிவை மாற்று என்கிறார், இன்னொருவர் முடிவுதான் உயிர் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவருமே முடிவில் நின்றிருக்கிறார்கள், அதைக் கவனியுங்கள். வலிக்கிற இடத்தை நோயாளி சரியாகத்தான் காட்டுவார். மருந்தையும் அவரே சொன்னால் வாங்கக் கூடாது. பெரும்பாலும் முடிவு ஒட்டாததற்குக் காரணம் முடிவில் இருக்காது, நாலு பக்கம் முன்னால் போடவேண்டிய விதையைப் போட்டிருக்க மாட்டீர்கள்.

1922-ல் வெளிவந்த டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதைக்கும் இதே பாடுதான். அதன் வரைவுகள் 1971-ல் அச்சில் வந்தன. நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்திருப்பதை அதில் பார்க்கலாம். நான்காம் பகுதியில் ஒரு நீண்ட கடற்பயணத்தை வெட்டி, மூழ்கிப்போன மாலுமி பிளீபஸைப் பற்றிய பத்து வரியை மட்டும் மிச்சம் வைத்தார். மனம் தளர்ந்த எலியட், அந்தப் பத்து வரியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். பவுண்ட் விடவில்லை, அது இருந்தே ஆகவேண்டும் என்றார். வெட்டத் தெரிந்த நண்பர்கள் கிடைப்பார்கள். எங்கே வெட்டக் கூடாது என்று கையைப் பிடிக்கிறவர் கிடைப்பதுதான் அரிது. எலியட்டின் மனைவி விவியன் சொன்ன ஒரு வரியும் அந்தக் கவிதையில் சேர்ந்திருக்கிறது. எதை ஏற்பது என்ற முடிவு மட்டும் கடைசிவரை எலியட் கையில்தான்.

தமிழாசிரியை, தஞ்சாவூர்: கட்டுரை நோட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னால் பிள்ளைகள் ஒற்றுப்பிழையை மட்டும் வட்டமிடுகிறார்கள்.

முதலில் சிவப்புப் பேனாவை வாங்கி வைத்துவிடுங்கள் டீச்சர். அது கையில் இருந்தால் எல்லாரும் நீங்களாகிவிடுவார்கள். பென்சில் போதும், வேலையும் இரண்டே: பிடித்த வரிக்கு அடிக்கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி. மார்க் கிடையாது.

நன்னூல் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்" என்கிறார் பவணந்தியார். எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் வாத்தியாரிடமிருந்து வருவது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்ச அரை, தான் எடுத்துச் சொல்லும்போது வருகிறது. எங்கள் மாடியிலும் அதே கணக்குதான். அடுத்தவர் கதையில் "இந்த ஃபிளாஷ்பேக் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் கதையைத் திறந்தவர், அதே ஃபிளாஷ்பேக்கைத் தன் இரண்டாம் பக்கத்தில் பார்ப்பார்.

பெயர் வேண்டாம் என்றவர்: கருவை யாராவது திருடிவிட்டால்?

பதினோரு வருஷத்தில் ஒரு முறைகூட நடக்கவில்லை. நம் கரு அவ்வளவு புதிதும் இல்லை. பயமாக இருந்தால் எல்லாருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகிவிடும்.

இல்லத்தரசி, மதுரை: போன வாரம் ஒருத்தர் என் கதையைக் கிழித்துத் தொங்கவிட்டார். ரெண்டு நாளாகப் பேனாவையே தொடவில்லை.

அக்கா, என் முதல் கதையைக் கேட்டுவிட்டு ஒருவர், "இதுல கதை எங்கே இருக்கு?" என்றார். இருபது நிமிஷம் அவருக்கு விளக்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் உறைத்தது: வாயால் சொன்ன அந்த இருபது நிமிஷம் காகிதத்தில் இல்லை. எழுதியவர் பேசக் கூடாது என்ற விதியே அதற்குப் பிறகு வந்ததுதான். உங்கள் கதையைக் கிழித்தவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் அரிசி டப்பாவுக்கு அடியில் வையுங்கள். பிறகு எடுத்து, உங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். பக்கத்தைப் பற்றிச் சொன்னது இரண்டு வரி தேறினால் லாபம். ஒன்றுமே தேறாவிட்டால் அவருக்கு இனி அனுப்பாதீர்கள்.

பொறியாளர், துபாய்: இங்கே எழுதுகிற நட்பு யாரும் இல்லை. ஏழாவது வரைவில் இருக்கிறேன். எப்போது நிறுத்துவது?

எட்டுப் பேர் வேண்டாம், ஒருவர் போதும். அவரை உங்கள் கதையை வாசித்து வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அவர் தடுமாறி மறுபடி வாசிக்கிற வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை மட்டும் திருத்துங்கள். அவர் என்ன சொல்வார் என்று அனுப்பும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டால், எட்டாவது வரைவு வேண்டாம். பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள்.