குழந்தையின் விரல் எலும்புகள் எங்கே?

இங்கிலாந்தின் இடைக்காலத் தேவாலயக் கல்லறையில் இரண்டு வயதுக் குழந்தையின் எலும்புக்கூட்டில் விரல்களும் பற்களும் இல்லை, மக்கிவிட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். மக்கித்தான் போயிருக்கும் என்றில்லை; தோண்டி அள்ளிப்போட்ட மண்ணை முதலில் பாருங்கள். யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி (Wharram Percy) என்ற கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமத்தில் கிடைத்த 687 எலும்புக்கூடுகளில் கைக்குழந்தைகளும் ஏராளம்.

குழந்தைகளுக்கு இன்னும் எலும்புத் தண்டோடு ஒட்டாத எலும்பு முனைகள் பொடிக்கல் மாதிரிதான் தெரியும். வேர்விடாத பல்லின் மேல்பகுதியோ குடைவான சின்னச் சிப்பி. தாடையிலிருந்து சுலபமாக உதிர்ந்துவிடும். தலை, மார்பு, இரு கைகள், இடுப்பு, பாதங்கள் என மண்ணைத் தனித்தனிப் பைகளில் கட்டி, 1 மி.மீ. சல்லடையில் மெதுவாகத் தண்ணீர்விட்டு அலசுங்கள். மண்டையோட்டை உள்மண்ணோடே தூக்குங்கள்; பிறகு அந்த மண் காய்ந்து இறுகுவதற்குள் அதை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மண்டையோட்டுத் தகடுகள் வெடிக்கும். ஆய்வுக்கு எலும்பு மாதிரி எடுக்கும்வரை பாரலாய்டு (எலும்பை உறுதிப்படுத்தப் பூசும் செயற்கைப் பிசின்) பூசாதீர்கள், கார்பன் காலக்கணிப்பு கெடும்.