‘உள்ளே பார்க்கணும்’ என்றாலே உடம்பு மரத்துப்போகிறது

கேள்வி: எனக்கு 38 வயது, ஊர் குடியாத்தம். நான்கு மாதமாக விலக்கு இல்லாத நாட்களிலும், கணவருடன் சேர்ந்த பிறகும் உதிரம் படுகிறது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நர்ஸ் முழங்காலைப் பிடித்து விலக்கியதும் மூச்சு முட்டியது, கை கால் மரத்துவிட்டது. இறங்கி வந்துவிட்டேன். பதினாறு வயதில் உறவினர் ஒருவர் செய்த கொடுமையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாத்திரை மட்டும் போதாதா?

பதில்: போதாது அம்மா. உறவுக்குப் பின் உதிரம் பட்டால் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். பெரும்பாலும் சிறு சதை வளர்ச்சியோ அழற்சியோதான் இருக்கும். அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். மாத்திரை உதிரத்தை நிறுத்தும், காரணத்தை மறைத்துவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியைத் தானே எடுத்துக் கொடுக்கும் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றிருக்கிறது. ஆனால் அது அறிகுறி இல்லாதவர்களுக்கு. உங்களுக்கு அது மட்டும் போதாது.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்தது பிடிவாதமல்ல. ஆபத்து என்று உடம்பு எடுத்துக்கொண்டதும் இடுப்புத் தளத் தசைகள் தாமாகவே இறுகும். இறுகிய தசைக்குள் கருவியைச் செலுத்தினால் வலிக்கும். அந்த வலியால் அடுத்த முறை இன்னும் இறுகும். அவசரப்படுத்தியது அவர்கள் தவறு.

முதல் முறை பேச மட்டும் போங்கள், புடவை களையவே வேண்டாம். நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. ஒரு சீட்டில் இப்படி எழுதி நீட்டினால் போதும்: “எனக்குப் பழைய கசப்பான அனுபவம் உண்டு. தொடுவதற்கு முன் சொல்லுங்கள். கை தூக்கினால் நிறுத்துங்கள்.” பெண் மருத்துவர் வேண்டும் என்றும் கேளுங்கள். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். உங்கள் பக்கத்தில் அது புதிய கோரிக்கையே அல்ல.

பரிசோதனை நாளில் கூட்டம் குறைந்த நேரமாகக் கேளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைத்தால் மருத்துவரின் முகம் தெரியும். கால்களைக் கம்பியில் மாட்டாமல் பாதங்களைக் கட்டிலில் ஊன்றலாம். முழங்காலை நீங்களே விலக்குங்கள், வேறு யாரும் தொட வேண்டாம். இடுப்பை மூடி ஒரு போர்வை இருக்கட்டும். உள்ளே பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தில் சின்ன அளவு, வெந்நீரில் கதகதப்பாக்கியது கேளுங்கள். விரும்பினால் நீங்களே செலுத்திக்கொள்ளலாம். உள்ளே போன பின் ஒன்றிரண்டு நிமிட வேலைதான். கையைத் தூக்கினால் மருத்துவர் உடனே கருவியை எடுத்துவிட வேண்டும். “இன்னும் கொஞ்சம்தான், ஒத்துழைங்க” என்ற சொல்லே கூடாது. பதினாறு வயதில் அந்த உறவினர் சொன்னதும் அதுவாக இருந்திருக்கலாம்.

நினைவு எங்கோ விலகிப்போவதுபோல் இருந்தால் பாதத்தைக் கட்டிலில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சத்தமில்லாமல் கிடப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், நிறுத்திவிட்டுக் கேட்பது மருத்துவரின் பொறுப்பு.

அன்று முடியாவிட்டால் வயிற்றின் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வரலாம். மயக்கம் கொடுத்துப் பார்க்கவும் வழியுண்டு. நினைவில்லாமல் கிடப்பதே சிலருக்குப் பெரிய பயம். அதனால் உங்கள் விருப்பத்தைக் கேட்ட பிறகே அது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். ஓரிரு இரவு கெட்ட கனவு வரலாம். தூக்கம் தொடர்ந்து கெட்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இரண்டு வாரத்துக்குள் போய்விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கும் அந்தச் சீட்டை நீட்டலாம்.